செஸ் ரேட்டிங் டோர்னமென்ட்ல டிரா கிளெய்ம் பண்றது எப்படி

பெங்களூர்ல வீக்கெண்ட் ஆனா பசங்கள ரேட்டிங் டோர்னமென்ட்டுக்கு கூட்டிட்டு போற நம்ம அல்சூர், விவேக்நகர் பக்கத்து அப்பா அம்மாக்களுக்கு இது கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். ஒரே பொசிஷன் (போர்டுல எல்லா காயும் அதே இடத்துல) மூணு தடவை வந்தா தானா டிரா ஆயிடும்னு நிறைய பசங்க நினைக்கிறாங்க, ஆகாது, நாமதான் கேக்கணும். அஞ்சு தடவை வந்தாதான் ஆர்பிட்டர் (நடுவர்) தானா நிறுத்துவார்.

மூணாவது தடவை உங்க மூவ்ல வரப்போகுதுன்னா காயத் தொடவே கூடாது, மொதல்ல அந்த மூவ ஸ்கோர்ஷீட்ல எழுதணும், அப்புறம் கிளாக்க நிறுத்திட்டு கைய தூக்கி ஆர்பிட்டர கூப்பிட்டு இந்த மூவ் ஆடப்போறேன், டிரா கேக்குறேன்னு சொல்லணும். காயத் தொட்டுட்டா அந்த மூவுக்கு கேக்குற உரிமை போச்சு. பசங்க கோட்டை விடுறது பெரும்பாலும் இங்கதான், பாக்கவே கஷ்டமா இருக்கும்.

மூணு தடவையும் அடுத்தடுத்து வரணும்னு இல்ல, நடுவுல வேற மூவ் வந்தாலும் பரவால்ல, ஆனா ஆட வேண்டியது அதே ஆளா இருக்கணும், கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே மூவ்ல நகர்றது) உரிமையும் மாறியிருக்கக் கூடாது. கிளெய்ம் தப்பாப் போனா எதிராளிக்கு 2 நிமிஷம் கூட குடுப்பாங்க, ஆட்டம் தொடரும்.

எதிராளிகிட்டயே டிரா கேக்குறதுன்னா மூவ் ஆடிட்டு, கேட்டுட்டு, அப்புறம் கிளாக்க அழுத்தணும். 1600 ரேட்டிங் பையன் 1800 கூட டிரா பண்ணா, கே (ரேட்டிங் எவ்ளோ வேகமா மாறும்னு சொல்ற எண்) 20ன்னா ரேட்டிங் 5.2 பாயின்ட் ஏறும்.