மலையக ஓயாவுக்கு ஒரு நீரியல் மாதிரி: காலநிலைக்கு முன் மழையைச் சரிசெய்வோம்

இலங்கை மலையகத்தின் கொத்மலை ஓயாவில் (ஓயா என்றால் சிற்றாறு) 2050ஆம் ஆண்டளவில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கண்டுபிடிக்கச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் முதல் நாளே காலநிலை மாதிரித் தரவை இறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது கடைசியில் செய்யவேண்டிய வேலை. நேற்றுப் பெய்த மழைக்கு நேற்று ஓடிய தண்ணீரைச் சரியாகச் சொல்லாத மாதிரி, முப்பது வருஷம் கழித்து வரப்போவதைச் சொன்னால் யார் நம்புவது? அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி மழைத் தரவைப் பற்றியதுதான்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், ஆர் என்ற நிரல்மொழி இரண்டும் உங்கள் கணினியில் இருக்கின்றன, ஒரு கோப்பைத் திறந்து வரைபு போடத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எந்த மாதிரி?

என் தெரிவு ஜிஆர்4ஜே. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டது. மொத்தம் நான்கே அளவுருக்கள் (தரவைப் பார்த்துப் பொருத்தவேண்டிய எண்கள்). தினசரி மழை, ஆவியாதல், ஆற்றின் ஓட்டம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஆர் மொழியில் ஏர்ஜிஆர் என்ற இலவசப் பொதியே எல்லாவற்றையும் செய்துவிடும். பலர் ஸ்வாட்டைச் சிபாரிசு செய்வார்கள். நல்ல மாதிரிதான். ஆனால் அது மண்ணின் ஒவ்வொரு படையைப் பற்றியும் கேட்கும். நம் மலைச்சரிவுகளுக்கு அவ்வளவு நுணுக்கமான மண் தரவு கைக்கு வராது. உலக வரைபடத்திலிருந்து எதையாவது எடுத்து நிரப்புவீர்கள். செய்மதி நிலப்பயன்பாட்டு வரைபடங்களோ தேயிலையைப் பல இடங்களில் காடென்று காட்டும். இப்படி நிரப்பிய இருபது அளவுருக்களைவிட, தரவிலிருந்து நேராக வரும் நான்கு மேல். தனி ஒரு வெள்ளத்தைப் பார்க்கவேண்டுமானால் ஹெக்-எச்எம்எஸ் என்ற மென்பொருளை எடுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

படி 1: அணைக்கு மேலே நில்லுங்கள்

பேராதனையில் மகாவலிக்கு நீண்டகால ஓட்டப் பதிவு உண்டு. ஆனால் அதற்கு மேலே 1985இலிருந்து கொத்மலை நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன்பின் பேராதனையில் நீங்கள் பார்ப்பது மலையின் மழையை மட்டுமல்ல, மின்னுற்பத்திக்காகத் தண்ணீர் திறந்த நேரங்களையும்தான். எந்த மழை மாதிரியும் அதை ஊகிக்காது. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை 2012இல் இயங்கத் தொடங்கியபின் அங்கும் இதே நிலைமை. களனி ஆற்றுப் பக்கம் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும் அப்படியே.

வழி இரண்டு: அணை கட்டுமுன் உள்ள ஆண்டுகளை எடுப்பது, அல்லது அணைக்கு மேலேயுள்ள கிளை ஓயா ஒன்றை எடுப்பது. நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் ஓட்டத் தரவு கேட்கும்போது, அளவீட்டு நிலையத்துக்கு மேலே அணையோ திசைதிருப்பும் சுரங்கமோ இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

படி 2: எல்லை

நிலத்தின் உயரத்தை 30 மீற்றர் கட்டங்களில் தரும் உயர மாதிரி ஒன்றை இறக்கி (கோப்பர்னிக்கஸ் எனக்குப் பிடித்தது), ஆள்கூற்றை யூடிஎம் 44 வடக்குக்கு (மீற்றரில் அளக்கும் ஆள்கூற்று முறை) மாற்றி, நீரேந்துப் பிரதேசத்தை, அதாவது அளவீட்டுப் புள்ளிக்குத் தண்ணீர் வந்துசேரும் நிலப்பரப்பை, வெட்டுங்கள். அளவீட்டுப் புள்ளி ஓடைக் கோட்டின்மேல் சரியாக விழவேண்டும். கொஞ்சம் தள்ளி விழுந்தால் முழு ஓயாவுக்குப் பதில் ஒரு வாய்க்கால்தான் எல்லையாக வரும். பரப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: மழை

என்னை அதிகம் இழுத்தடித்தது இந்தப் படிதான்.

மலையகத்தில் மழைப் பதிவுக்குப் பஞ்சமில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையங்கள் ஒருபுறம். மறுபுறம் ஏறக்குறைய ஒவ்வொரு தோட்டத்து ஆபீசிலும் ஒரு மழைப் புத்தகம் இருக்கும். அவை பெரும் பொக்கிஷம். துரையிடமோ பெரிய கிளாக்கரிடமோ மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் படமெடுக்க விடுவார்கள். பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருக்கும்; 25.4ஆல் பெருக்குங்கள். வெற்றுக் கட்டம் மழையில்லாத நாளா, அளக்காத நாளா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனித் திகதிக்கு வருவோம். 14ஆம் திகதி மாலை 5 மணிக்கு மழை கொட்டுகிறது. இரவு 9 மணிக்கெல்லாம் ஓயா பெருகிவிடும், ஏனென்றால் சரிவு செங்குத்து. ஆனால் மழைமானியைப் பார்ப்பது மறுநாள் காலையில்: திணைக்களத்தில் 8.30க்கு, தோட்டத்தில் பிரட்டு நேரத்தையொட்டி (காலையில் தொழிலாளரைக் கூட்டிப் பெயர் குறிக்கும் நேரம்). ஆகவே 2.10 அங்குலம், அதாவது 53 மி.மீ, புத்தகத்தில் 15ஆம் திகதிக்கு நேரே ஏறுகிறது. ஓட்டக் கோப்பிலோ 14ஆம் திகதியின் சராசரியே எகிறியிருக்கும். தரவைப் பார்த்தால் மழைக்கு முதல் நாளே ஆறு பெருகியது போலத் தெரியும்.

மாதிரியால் மழைக்கு முன் வெள்ளத்தைக் காட்ட முடியாது. என்ன செய்யும்? ஜிஆர்4ஜேயின் நான்காவது அளவுரு, மழை ஆற்றை வந்தடைய எடுக்கும் காலம், நாட்களில். அதை மாதிரி தன்னால் இயன்ற அளவு கீழே இழுத்து, அனுமதித்த கீழெல்லையான 0.5இல் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒட்டியிருப்பதைப் பார்த்தால் மாதிரியைக் குறைசொல்லாதீர்கள். அட்டவணையில் மழை நிரலை ஒரு வரிசை மேலே நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். நாஷ்-சட்கிளிஃப் மதிப்பு (மாதிரி அளந்த ஓட்டத்தோடு எவ்வளவு ஒத்துவருகிறது என்ற எண்) சட்டென்று உயர்ந்தால் கோளாறு திகதியில்தான். மற்ற எந்தத் திருத்தத்தையும் இதற்குப் பிறகு செய்யுங்கள்.

செய்மதி மழையைக் கலப்பவர்களுக்கு இன்னொரு சொல். அந்தக் கோப்புகளில் ஒரு நாள் என்பது பெரும்பாலும் உலக நேரப்படி. நமக்கு அது காலை 5.30இலிருந்து மறுநாள் 5.30 வரை. திகதியை ஒத்திசைக்காமல் தோட்டத்து எண்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால், ஒரே மழை இரண்டு நாட்களுக்குப் பாதி பாதியாகப் பிரிந்துவிடும். வெள்ளத்தின் உச்சம் அங்கேயே தொலைந்துபோகும்.

ஒரு வாசகி கேட்டிருந்தார்: திகதியைச் சரிசெய்த பின்பும் சில வாரங்கள் ஒத்துவரவில்லையே? ஞாயிறு, திங்கள் என்று நாள்வாரியாகக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். ஞாயிறு வறண்டும் திங்கள் பெரிதாகவும் வந்தது. விடுமுறையில் அளக்காமல், திங்கட்கிழமை சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அப்படியான நாட்களை அருகிலுள்ள தோட்டத்தின் பதிவைப் பார்த்துப் பிரித்துக்கொடுங்கள், அல்லது கணிப்பிலிருந்து விலக்கிவிடுங்கள்.

படி 4: ஒரே அலகுக்குக் கொண்டுவருதல்

ஓட்டத்தை மி.மீ ஆக்குங்கள்: செக்கனுக்கு எத்தனை கன மீற்றரோ அதை 86.4ஆல் பெருக்கி, சதுர கிலோமீற்றரில் உள்ள பரப்பால் வகுக்கவேண்டும். 100 சதுர கிலோமீற்றரில் செக்கனுக்கு 5 கன மீற்றர் என்றால் நாளுக்கு 4.32 மி.மீ. பிறகு ஆண்டுக் கூட்டுத்தொகையை மழையோடு ஒப்பிடுங்கள். ஓடியது பெய்ததைவிட அதிகமாக இருந்தால் பரப்பு பிழை, அல்லது உங்கள் மழைமானிகள் எல்லாம் பள்ளத்தில் இருக்கின்றன, உச்சியில் பெய்வது கணக்கில் வரவில்லை.

ஆவியாதலுக்கு ஊடான் சூத்திரம். வெப்பநிலையும் அகலக்கோடும் போதும்.

படி 5: ஈரமான ஆண்டில் பழக்கி, வறண்ட ஆண்டில் சோதியுங்கள்

தரவை முன்பாதி பின்பாதி என்று வெட்டிச் சோதிப்பது வழக்கம். காலநிலை மாற்றக் கேள்விக்கு அது போதாது. நீரியலாளர் கிளெமெஷ் 1986இலேயே சொன்ன முறை இது: மழை கூடிய ஆண்டுகளை வைத்து அளவுத்திருத்தம் செய்து (அளவுருக்களைப் பொருத்தி), மழை குறைந்த ஆண்டுகளில் மாதிரி தாங்குகிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். இன்று காணாத நிலைமைக்குத்தான் நாளை இந்த மாதிரியைக் கொண்டுபோகப்போகிறோம். இதில் தேறாவிட்டால் அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

படி 6: இப்போது காலநிலை

பல காலநிலை மாதிரிகளின் கணிப்புகளைச் சேர்த்துத் தரும் நாசாவின் நெக்ஸ்-ஜிடிடிபி-சிமிப்6 தொகுப்பு தொடக்கத்துக்கு நல்லது. தினசரித் தரவு, 2100 வரை. ஆனால் அதன் ஒரு கட்டம் 0.25 பாகை, ஏறத்தாழ 28 கிலோமீற்றர். வட்டவளையும் நுவரெலியாவும் நேர்கோட்டில் அவ்வளவு தூரம்கூட வராது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மி.மீ தாண்டும், நுவரெலியாவில் 1,900 மி.மீ அளவுதான். ஒன்றில் தென்மேல் பருவப்பெயர்ச்சி நேராக வந்து மோதுகிறது, மற்றது மலைக்குப் பின்னால். அந்தக் கட்டத்தின் மழையை அப்படியே மாதிரிக்குள் போடாதீர்கள்.

நான் எடுப்பது மாற்ற விகிதத்தை மட்டும். அதே காலநிலை மாதிரியின் 1985–2014க்கும் 2041–2070க்கும் இடையே மழை எத்தனை மடங்கு மாறுகிறது என்று கண்டு, அதை உங்கள் சொந்த மழைத் தொடரில் பெருக்குங்கள். ஆண்டுக்கு ஒரே விகிதம் வேண்டாம். மார்ச்–ஏப்ரல், மே–செப்டெம்பர், ஒக்டோபர்–நவம்பர், டிசெம்பர்–பெப்ரவரி என்று நான்கு பருவத்துக்கும் தனித்தனி. ஆண்டுக் கூட்டுத்தொகை மாறாமலிருந்து, வறண்ட மாதம் மட்டும் இன்னும் வறண்டுபோகலாம். பெருக்குவதால் மழை நாட்களின் எண்ணிக்கை மாறாது என்பது இந்த முறையின் குறை. அதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

ஒரே காலநிலை மாதிரியை நம்பி முடிவு எழுதாதீர்கள். குறைந்தது ஐந்தாறு எடுத்து, எஸ்எஸ்பி2-4.5, எஸ்எஸ்பி5-8.5 (வாயு வெளியேற்றம் நடுத்தரமாகவும் மிக அதிகமாகவும் இருக்கும் எதிர்காலக் காட்சிகள்) இரண்டிலும் ஓட்டி, எத்தனை ஒரே திசையைக் காட்டுகின்றன என்று பாருங்கள். ஒப்பிடவேண்டியது ஜிஆர்4ஜே காட்டிய பழைய ஓட்டத்தை, ஜிஆர்4ஜே காட்டும் புதிய ஓட்டத்தோடு.

முடிவைத் தரும்போது ஆண்டுச் சராசரியோடு நின்றுவிடாதீர்கள். நூற்றுக்கு 95 நாட்கள் ஓயாவில் குறைந்தது எவ்வளவு ஓடும் என்ற எண்ணைப் பெப்ரவரி, மார்ச்சுக்குத் தனியாக எடுங்கள். பீலித் தண்ணியை (மலையிலிருந்து வழிந்து வரும் தண்ணீர்) நம்பியிருக்கும் லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) அந்த எண்தான் வேண்டும். என்னைக் கேட்டால், இந்த வேலையெல்லாம் செய்வதே அதற்காகத்தான்.

பின்சேர்க்கை: வெள்ளம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்த பிறகு, இதே மாதிரியால் வெள்ளத்தைச் சொல்ல முடியுமா என்று பலர் கேட்டார்கள். தினசரி மாதிரி போதாது. மணிக்கணக்கான மழையும் ஹெக்-எச்எம்எஸ்ஸும் வேண்டும். அங்கே தொடங்குபவர்கள் வளைகோட்டு எண் முறையில் (மண்ணையும் நிலப்பயன்பாட்டையும் பொறுத்து ஓர் எண்ணைக் கொடுத்து, மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்று பார்ப்பது) இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எண் 70 என்றால் 100 மி.மீ மழையில் 33 மி.மீ வழிந்தோடும். மழை 150 ஆனால் 69. மழை ஒன்றரை மடங்கு, ஓட்டம் இரண்டு மடங்குக்கு மேல். மண் ஏற்கெனவே ஊறியிருந்தால் அதே எண் 85க்கு ஏறும். அப்போது அந்த 150இல் 107 மி.மீ ஓயாவுக்கு வந்துவிடும். ஆகவே புயல் நாளின் மழையை மட்டும் மாதிரிக்குள் போடாமல், அதற்கு முந்தைய ஐந்து நாள் மழையையும் பார்த்து எண்ணைத் தெரிவுசெய்யுங்கள்.