கல்வெட்டை மைப்படி எடுத்து வாசிக்கும் முறை

கல்வெட்டு வாசிப்பில் பாதிப் பிழை கல்லைச் சுத்தம் செய்து மைப்படி (ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி மேலே மை ஒற்றி எடுக்கும் படி) எடுக்கும்போதே வந்துவிடுகிறது. படி சரியில்லை என்றால் எவ்வளவு தேர்ந்த கண்ணாலும் பாடத்தை மீட்க முடியாது. தமிழ்நாட்டுக் கோயில்களில் மிகுதியாகக் கிடைக்கும் சோழர் கால, பிற்காலப் பாண்டியர் காலக் கருங்கல் பொறிப்புகளை மனத்தில் வைத்தே இந்தக் குறிப்புகள்.

கல்வெட்டு முன்பே பதிப்பாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் வருகின்றன. தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஊர்வாரியாக எண்ணும் சுருக்கமும் இருக்கும். பதிப்பானதாக இருந்தால் அந்தப் பாடத்தைக் கல்லோடு ஒப்பிடுவதே போதும், மை தேவையில்லை. புதிதாக இருந்தால், மத்தியத் தொல்லியல் துறையோ மாநிலத் தொல்லியல் துறையோ அறநிலையத் துறையோ, கோயில் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கல்லைக் கழுவத் தண்ணீரும் தென்னைநார்த் தூரிகையும் போதும். கம்பித் தூரிகையும் அமிலமும் கூடவே கூடாது. சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் நனைத்து ஊறவிட்டு மூங்கில் குச்சியால் மெதுவாகப் பெயர்த்தெடுங்கள். மணல் பீய்ச்சிக் கழுவிய சுவரில் எழுத்தின் விளிம்பு மழுங்கிக் கிடக்கும். அங்கே அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பொரிந்து உதிரும் கல்லிலும் வண்ணமோ சுதையோ உள்ள பரப்பிலும் மைப்படி வேண்டாம். இருட்டியபின் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என நான்கு திசையிலிருந்தும் படமெடுங்கள். எழுத்துக் குழியில் மாவோ சுண்ணாம்புக் கட்டியோ தடவிப் படிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்படித் தடவுகிறவர் தான் ஊகித்த எழுத்தைக் கல்லின் மேல் எழுதிவிடுகிறார். அதன் பிறகு எடுக்கும் படத்துக்கு என்ன மதிப்பு?

மைப்படித் தாள் ஈரத்தில் கிழியாத, மெல்லிய, நார் நீண்ட தாளாக இருக்க வேண்டும். பொறிப்பைவிட நான்கு விரல் அகலம் கூடுதலாக நறுக்குங்கள். ஒரே தாள் போதாத இடத்தில் அடுத்த தாள் இரண்டு விரல் மேலேறி வரட்டும். தாளை நீரில் நனைத்துச் சுவரில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தூரிகையால் தட்டிக்கொண்டே போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் காற்று நடுவில் மாட்டிக்கொண்டு அங்கே எழுத்தே விழாது. தூரிகையை இழுக்கக் கூடாது, செங்குத்தாகத்தான் அடிக்க வேண்டும். தாள் எழுத்துக் குழிக்குள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். எங்காவது கிழிந்தால் நனைத்த துண்டு ஒன்றை மேலே வைத்துத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

மை ஒற்றும் நேரம் தெரிவதுதான் இந்த வேலையின் கைப்பக்குவம். நனைந்த தாள் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பு மங்கி, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும்போது தொடங்குங்கள். ஈரம் மிகுந்திருந்தால் மை கசிந்து குழியை நிரப்பும், கல்லிலும் கறை படியும். காய்ந்துவிட்டால் தாள் குழியை விட்டு எழும்பி, எழுத்து தட்டையாகிப் போகும். உச்சி வெயிலில் இந்த இடைவெளி சில நிமிடம்தான் கிடைக்கும் என்பதால் காலை வேளையே நல்லது. விளக்குக் கரியும் கோந்தும் சேர்ந்த மையை ஒரு பலகையில் தடவி, துணிப்பந்தை அதில் ஒற்றி, வேறொரு தாளில் இரண்டு முறை தட்டிப் பார்த்தபின் சுவருக்குக் கொண்டு போங்கள். ஒரே முறையில் கருக்கப் பார்க்காமல் மூன்று நான்கு சுற்றாக மெல்ல ஒற்றினால் கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக எழும்பி நிற்கும். தாள் முக்கால் பங்கு காய்ந்ததும் மேலிருந்து உரித்தெடுத்து, முதுகுப்புறத்தில் ஊர், கோயில், எந்தச் சுவர், எந்தத் திசை, அடித்தளத்தின் எந்த உறுப்பு (ஜகதி, குமுதம், பட்டிகை), தேதி, தாள் எண் அத்தனையும் அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்ட தாள்கள் பிறகு எந்தச் சுவருக்கும் சொந்தமில்லாமல் போகும்.

வாசிக்க உட்காரும்போது வரி எப்படி ஓடுகிறது என்று முதலில் தீர்மானியுங்கள். அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடித்தளத்தில், ஒரு வரி மூலை திரும்பி, அரைத்தூணைத் தாண்டி, அடுத்த பக்கத்துக்கும் போகலாம். துண்டு துண்டாக மேலிருந்து கீழே படித்தால் கொடையாளி பெயரும் நில எல்லையும் கலந்து குழம்பும். திருப்பணியில் கல் இடம் மாறியிருந்தால் வரி நடுவில் பொருள் அறுபடும். அதன் தொடர்ச்சி வேறு சுவரில், தலைகீழாகக்கூட இருக்கலாம்.

அடுத்த சிக்கல் எழுத்து. பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். கல்லில் இப்படி இருக்கும்:

கொபபரகெசரிபனமரககு யாணடு ௰௩ ஆவது

அதைக் ‘கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு 13 ஆவது’ என்று படிக்க வேண்டும். கொம்பு, ககரம், கால் என்று மூன்று வடிவம் வரிசையாக நின்றால் அது கொ, கோ, கெர, கேர இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். சொல்தான் தீர்ப்புச் சொல்லும். எண்களிலும் கண்ணி உண்டு: ௧ ககரம் போலவும் ௭ எகரம் போலவும் ௰ யகரம் போலவும் தெரியும். வடசொற்கள் கிரந்தத்தில் வரும். பாண்டிநாட்டுப் பழைய பொறிப்பானால் வட்டெழுத்து என்ற வேறு எழுத்துமுறை. அதில் பகரமும் வகரமும் எளிதில் மயங்கும்.

கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் வாய்பாட்டுத் தொடர்கள் தெரிந்தால் சிதைந்த இடமும் பிடிபடும். மன்னன் புகழ் கூறும் மெய்க்கீர்த்தி ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் முதலாம் இராசராசன், ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் இராசேந்திரன். நந்தாவிளக்குக் (அணையா விளக்கு) கொடையில் ‘சாவா மூவாப் பேராடு’ (சாகாமலும் மூக்காமலும் எண்ணிக்கை குறையாத ஆடுகள்) என்றதும் பெரும்பாலும் 90 அல்லது 96 என்ற எண் வரும். தஞ்சைப் பெரியகோயிலில் 96. கடைசியில் ‘பன்மாஹேஸ்வர ரக்ஷை’, அதாவது இந்தக் கொடை சிவனடியார்களின் காவலில் என்று வரும். ஆனால் வாய்பாட்டை நம்பி இல்லாத எழுத்தை எழுதிவிடக் கூடாது. ஐயமான எழுத்தைச் சதுர அடைப்பிலும், நீங்களே சேர்த்ததை அடைப்போடு உடுக்குறி (*) இட்டும், அழிந்ததைப் புள்ளிகளாகவும் காட்டுங்கள். கல்லில் உள்ளபடி ஒரு பாடம், பிரித்துப் புள்ளியிட்டு ஒரு பாடம் என இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஆட்சியாண்டைக் கணக்கிடும்போது ஒன்றைக் கழிக்க மறப்பவர்கள் பலர். அரியணை ஏறிய ஆண்டே முதலாம் ஆண்டு. இராசராசன் அரியணை ஏறியது கி.பி. 985இல். ஆகவே 25ஆம் ஆண்டு என்பது 985 + 25 − 1, அதாவது 1009-10. பாண்டியர் கல்வெட்டில் ‘2 ஆவதின் எதிர் 5 ஆவது’ என்று வந்தால் இரண்டையும் கூட்டி 7ஆம் ஆண்டு என்று கொள்வது வழக்கம். சக ஆண்டு இருந்தால் கி.பி. ஆண்டு கிடைக்க 78 கூட்டுங்கள். தை முதல் பங்குனி வரையான மாதமானால் பெரும்பாலும் 79. ஞாயிறு நின்ற ராசி, பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி, கிழமை, நட்சத்திரம் கொடுத்திருந்தால் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணையில் சரிபாருங்கள். கிழமையும் நட்சத்திரமும் ஒத்துவரவில்லை என்றால், வெட்டியவன் மேல் பழி போடுமுன் எண்ணைச் சரியாகப் படித்தோமா என்று மைப்படியை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.