ஆதார், பான் நம்பர் கேக்கும்போது ஃபார்ம்ல தவிர்க்க வேண்டிய தப்புகள்

ஆப்போ வெப்சைட்டோ செய்றவங்க நிறைய பேர் "ஐடி நம்பர்"னு மொட்டையா ஒரு பெட்டியை வச்சுட்டுப் போயிடறாங்க. எந்த ஐடி? வோட்டர் ஐடியா, ரேஷன் கார்டா, பானா? "ஆதார் நம்பர்"னு மட்டும் போட்டாலும் பத்தாது, ஏன்னா அந்தக் கார்டுலயே 12 இலக்க ஆதார் நம்பருக்குக் கீழ 16 இலக்கத்துல விஐடினு (ஆதார் நம்பருக்குப் பதிலா குடுக்கற விர்ச்சுவல் ஐடி) இன்னொண்ணும் பல பேருக்கு இருக்கும், அதைப் பார்த்து டைப் பண்ணிட்டு ஏன் எடுக்க மாட்டேங்குதுன்னு முழிக்கறவங்க இருக்காங்க. "கார்டுல இருக்கற 12 இலக்க நம்பர், 16 இலக்க நம்பர் இல்ல"ன்னு பெட்டிக்கு மேல எழுதுங்க. உள்ள சாம்பல் கலர்ல எழுதினா டைப் பண்ண ஆரம்பிச்சதும் மறைஞ்சிடும்.

அப்புறம் ஸ்பேஸ். கார்டுல நாலு நாலா பிரிச்சுத்தான் அச்சடிச்சிருக்கு, பார்த்து அடிக்கறவங்களும் அப்படியேதான் அடிப்பாங்க, அதை எரர்னு திருப்பி அனுப்பாதீங்க, ஸ்பேஸை நீக்கறது புரோகிராம்ல ஒரு வரி வேலை. பான் நம்பரைச் சின்ன எழுத்துல அடிச்சா நீங்களே பெருசாக்கிக்கோங்க. "தவறான உள்ளீடு"ன்னு சொன்னா யாருக்கு என்ன புரியும், "12 இலக்கம் வேணும், 11 தான் இருக்கு"ன்னு சொல்லுங்க.

பேர் விஷயத்துலதான் நம்ம ஆளுங்க ரொம்பக் கஷ்டப்படறாங்க. ஆதார்ல எஸ். குமார்னு இருக்கும், பான் அப்ளிகேஷன்ல இனிஷியலை விரிச்சு எழுதணும்ங்கறதால அதே ஆளு பான்ல குமார் சுப்ரமணியன்னு இருப்பாரு. நீங்க வெறுமனே "பெயர்"னு கேட்டா அவர் எதைப் போடுவாரு? பான் வச்சு சரிபார்க்கப் போறீங்கன்னா "பான் கார்டுல உள்ளபடி பெயர்"னே கேளுங்க, குடும்பப் பேர்னு தனிப் பெட்டி வச்சு அதைக் கட்டாயமாக்கறதை தயவுசெஞ்சு விட்டுடுங்க. பிறந்த தேதியும் இப்படித்தான், பழைய ஆதார்ல சில பேருக்கு வருஷம் மட்டும்தான் இருக்கும்.

எதுக்குக் கேக்கறோம்னு சொல்லாம கேக்கறது எனக்கு எல்லாத்தையும் விடப் பெரிய தப்பாப் படுது. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, சம்மதம் கேட்கும்போது என்ன தரவு, எதுக்குன்னு சொல்லணும்ங்குது. "விதிமுறைப்படி தேவை"ன்னு எழுதினா அது காரணம் ஆகாது, "உங்க கணக்கை வருமான வரியோட இணைக்க பான் வேணும்"னா புரியும். கார்டு நகல் மட்டும் போதும்னா கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதாரே போதும்னு அப்லோட் பட்டன் பக்கத்துலயே போட்டுடுங்க, பல பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.