வணிகச் சட்ட வினாவுக்கு விடை எழுதுவது எப்படி: ஒரு நெல் விற்பனையை வைத்துப் படிப்படியான விளக்கம்

உயர்தர வணிகப் பிரிவை முடித்து வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ, உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமாவுக்கோ, ஏ.ஏ.ரி. கணக்கியல் பரீட்சைக்கோ செல்கின்ற நமது மாணவர்களுக்கு வணிகச் சட்டத்தின் வரைவிலக்கணங்கள் விரைவில் மனப்பாடமாகி விடுகின்றன. ஆனால் ஒரு சம்பவத்தைத் தந்து "இவருக்கு ஆலோசனை கூறுக" என்று கேட்டவுடன் பேனா நின்று விடுகிறது. ஆகவே ஒப்பந்தம் என்றால் என்ன, அதன் மூலக்கூறுகள் எவை என்பவற்றை உங்கள் கைநூலுக்கே விட்டுவிட்டு, ஒரு வினாவை எந்த வரிசையில் பிரிக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டு வினா இது. பரந்தனில் அரிசி ஆலை நடத்தும் ஒருவர், முரசுமோட்டை விவசாயி ஒருவரின் காலபோக நெல்லில் 3,000 கிலோவைக் கிலோ 120 ரூபா வீதம் வாங்குவதாகத் தொலைபேசியில் பேசி முடிக்கிறார். விவசாயியின் களஞ்சியத்தில் 10,000 கிலோ நெல் இருக்கிறது. எழுத்து எதுவும் இல்லை, முற்பணமும் இல்லை. இரண்டு நாட்களில் வேறொரு வியாபாரி 135 ரூபா தருவதாகச் சொல்ல, விவசாயி முழுவதையும் அவருக்கே விற்று விடுகிறார். ஆலைக்காரர் வழக்கிட முடியுமா?

படி 1: சம்பவத்தை ஒரு தாளில் பிரித்தல்

யார், எதை, எவ்வளவுக்கு, எப்போது, எந்த வழியில் என்ற ஐந்து நிரல்களை வரைந்து வினாவில் உள்ள ஒவ்வொரு தகவலையும் உரிய நிரலில் போடுங்கள். பல நிறப் பேனாக்களால் வரையப்படும் மன வரைபடங்கள் பரீட்சை மண்டபத்தில் நேரத்தைத் தின்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்பது என் கருத்து. "முற்பணம் இல்லை" என்பது போன்ற இல்லாமைகளையும் எழுதுங்கள். வினா தயாரிப்பவர் அவற்றைக் காரணத்தோடுதான் வைக்கிறார்.

படி 2: எந்தச் சட்டம் என்று தீர்மானித்தல்

பெரும்பாலான விடைகள் வழி தவறும் இடம் இதுவே. நமது மாணவர்கள் தமிழில் எளிதாகக் கிடைக்கின்றன என்பதற்காகத் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து ஒப்பந்தச் சட்டம் படிக்கிறார்கள். அவை விளக்குவது 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை. அது இலங்கையில் செல்லுபடியாவதில்லை. நம் நாட்டில் ஒப்பந்தங்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் அடக்கிய சட்டக்கோவையும் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்குகள் உள்ளன, கேள்வியில் கைமாறும் பொருள் எது என்பதைப் பொறுத்தே எந்த அடுக்கிலிருந்து தொடங்குவது என்று முடிவாகிறது.

அடியில் இருப்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம-டச்சுச் சட்டம். வேறு சட்டம் பேசாத இடத்தில் அதுவே பேசும். அதன் மேல், 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின் மூலம் பங்குடைமை, வங்கித் தொழில், முகவர், தரைவழிச் சரக்குக் காவுநர், ஆயுள் மற்றும் தீக் காப்புறுதி போன்ற வணிக விடயங்களுக்குள் நுழைந்த ஆங்கிலச் சட்டம் இருக்கிறது. மூன்றாவது அடுக்கு, நமது சட்டவாக்க சபைகளும் பாராளுமன்றமும் இயற்றியவை: பொருள் விற்பனைக்கு 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காசோலைக்கும் மாற்றுண்டியலுக்கும் 1927 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கம்பனிகளுக்கு 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம். நான்காவது, வட மாகாணத் தமிழருக்குரிய தேசவழமை. தேசவழமை கல்யாணத்துக்கும் சீதனத்துக்கும் மட்டுமே உரியது என்று எண்ணி அதை ஒதுக்கிவிடுவோர் உள்ளனர். அச்சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையா ஆதனத்தை விற்கவோ ஈடு வைக்கவோ பொதுவாகக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை; பங்குக் காணியை விற்கும்போது மற்றப் பங்காளர் போன்றோர் அதை முதலில் வாங்கும் முற்கொள்வனவு உரிமையும் எழும். கடை போடுவதற்காகக் காணி வாங்கும் வினாவில் இவை இரண்டும் வரலாம்.

அடுக்கை மாற்றி எடுத்தால் விடை எப்படித் தலைகீழாகும் என்பதற்குக் கைம்மாறு, அதாவது வாக்குறுதிக்குப் பதிலாகத் தரப்படுவது, ஒன்றே போதும். கனடாவில் இருக்கும் பெரியப்பா, கிளிநொச்சியில் கடை திறக்கப் போகும் தம்பி மகனுக்கு ஐந்து இலட்சம் ரூபா தருவதாக ஆலோசித்துத் தீர்மானமாகக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிலுக்கு மகன் எதுவும் தருவதில்லை. ஆங்கிலச் சட்டத்திலோ இந்தியச் சட்டத்திலோ நின்று பார்ப்பவர், கைம்மாறு இல்லாததால் இந்த வாக்குறுதி பொதுவாகச் செல்லாது என்று எழுதி விடுவார். உரோம-டச்சுச் சட்டம் கைம்மாறு கேட்பதில்லை. நியாயமான காரணம் ஒன்று இருந்தால் போதும். ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில் 1918 இல் இலண்டனிலிருந்த கோமறை மன்று (பிரிவி கவுன்சில்), ஒழுக்கக் கடமையை நிறைவேற்றவோ பெருந்தன்மையினாலோ தீர ஆலோசித்துச் செய்யப்பட்ட வாக்குறுதியை நீதிமன்றத்தில் வலியுறுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே இலங்கை வினாவுக்கு "கைம்மாறு இல்லை, எனவே ஒப்பந்தம் இல்லை" என்று எழுதுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

நமது வினாவில் கைமாறுவது நெல். எனவே தொடங்க வேண்டிய இடம் 1896 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்.

படி 3: உடன்பாடு உண்டா?

முன்மொழிவும் ஏற்பும் பொருந்தினவா என்று பாருங்கள். இந்தப் பகுதியை எல்லாக் கைநூல்களும் தேவைக்கு மேலாகவே விளக்குவதால் விரைந்து கடக்கலாம். ஆலை வாசற்பலகையில் எழுதிய விலை வெறும் அழைப்பு. தொலைபேசியில் அளவும் விலையும் சொல்லி "எடுக்கிறேன்" என்பது முன்மொழிவு. "சரி, தாறன்" என்பது ஏற்பு. மௌனம் ஏற்பாகாது.

படி 4: ஒப்பந்தம் செய்யும் தகைமை

1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் பராய வயதை 21 இலிருந்து 18 ஆகக் குறைத்தது. பழைய கைநூல் பிரதிகளில் இன்னும் 21 என்றே இருக்கும், கவனம். பாதுகாவலரின் துணையின்றி இளவர் செய்த ஒப்பந்தம் அவரைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. எனினும் அதனால் அவர் செல்வமடைந்திருந்தால் அந்த அளவுக்குப் பொறுப்புண்டு. நமது வினாவில் இருவரும் வளர்ந்தவர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகருங்கள்.

படி 5: எழுத்து தேவையா?

வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே என்று வகுப்பில் சொல்லப்படுவது உண்மைதான். ஆயினும் ஒப்பந்தம் இருப்பது வேறு, அதை வைத்து வழக்கிட முடிவது வேறு. பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 5 ஆம் பிரிவின்படி, வாங்குபவர் பொருளில் ஒரு பகுதியை ஏற்றுக் கையேற்றிருக்க வேண்டும். அல்லது விலையையோ அதில் ஒரு பகுதியையோ செலுத்தியிருக்க வேண்டும். அல்லது எதிராளியோ அவரது முகவரோ கையொப்பமிட்ட எழுத்துக் குறிப்பு ஒன்று இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றும் இல்லையெனில் விற்பனை ஒப்பந்தத்தை நீதிமன்றில் வலியுறுத்த முடியாது.

இப்போது முதற்படியில் எழுதிய தாளைப் பாருங்கள். எழுத்து இல்லை, முற்பணம் இல்லை, ஒரு மூட்டை நெல்லும் கைமாறவில்லை. விவசாயி வாக்குத் தவறியவர் என்று ஊரே சொன்னாலும், ஆலைக்காரரின் வழக்கு இந்தப் பிரிவிலேயே தடைப்பட்டு விடும். நெல் பேசும்போது சிறு தொகையையாவது முற்பணமாகக் கொடுத்துவிடும் பழைய வியாபாரிகளின் பழக்கத்தைச் சட்டமும் ஆமோதிக்கிறது.

வினாவைச் சற்று மாற்றி, பேச்சு முடிந்த அன்றிரவே விவசாயி "3,000 கிலோ, 120 ரூபா, வெள்ளிக்கிழமை ஏற்றலாம்" என்று வட்சப்பில் தன் பெயரோடு அனுப்பினார் என்றால், 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் உள்ளே வருகிறது. மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தகவலின் சட்ட வலிமையை மறுக்க முடியாது என்பதே அதன் மையம். அனுப்பியவர் அவர்தான் என்று அடையாளம் காண முடிகிறதா என்பதை மட்டும் வாதிட்டுக் காட்டுங்கள். காணி விற்பனைக்கும் இறுதி விருப்பாவணத்துக்கும் இச்சட்டம் பொருந்தாது. காணி என்றால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்தும், நொத்தாரிசும், இரண்டு சாட்சிகளும் வேண்டும்.

படி 6: பொருளின் உடைமை எப்போது மாறியது?

ஆலைக்காரர் முற்பணம் கொடுத்திருந்தார், ஆனால் ஏற்றுவதற்கு முன் களஞ்சியத்துக்குள் வெள்ளம் புகுந்து நெல் முழுவதும் நனைந்து முளைத்துவிட்டது என்று வினா மாறலாம். நட்டம் யாருக்கு? வேறு உடன்பாடு இல்லாவிட்டால், நட்டம் உடைமையோடு சேர்ந்து போகும் என்பதே விதி. 10,000 கிலோவுக்குள் எந்த 3,000 கிலோ என்று பிரித்து வைக்கப்படாதவரை, பணம் முழுவதும் கட்டியிருந்தாலும் உடைமை மாறாது, நட்டம் விவசாயிக்கே. ஆலைக்காரரின் ஆள் வந்து மூட்டைகளைத் தட்டிப் பார்த்து, நிறுத்து, தனியாக அடுக்கி, அடையாளமிட்டு, இரு தரப்பும் அதற்கு உடன்பட்டிருந்தால் நிலைமை மாறும். மூட்டைகள் எங்கே, எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்ற ஒரு வாக்கியம் வினாவில் வந்தால், புள்ளி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

விபரத்துக்கு ஏற்ப இருத்தல், நோக்கத்துக்குப் பொருந்துதல், வணிகத் தரம், மாதிரியோடு ஒத்திருத்தல் ஆகிய உட்கிடையான (பேசப்படாவிட்டாலும் சட்டம் சேர்க்கும்) நிபந்தனைகளையும் இங்கேயே சோதியுங்கள். சம்பா என்று விற்ற நெல்லில் வேறு நெல் கலந்திருந்தால் அது விபரம் பற்றிய பிரச்சினை. "ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது" என்று பேசியிருந்தால் அது வெளிப்படையான நிபந்தனை. உட்கிடையைத் தேடி அலைய வேண்டாம்.

படி 7: பரிகாரமும் காலமும்

முற்பணம் வாங்கியும் விவசாயி நெல்லை வேறொருவருக்கு விற்றுவிட்டார் என்று வினா இருந்தால், சந்தையில் அதே நெல் கிடைக்கும் என்பதால் இழப்பீடு சாதாரணமாக ஒப்பந்த விலைக்கும் ஒப்படைக்க வேண்டிய நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசமே. சந்தை விலை 135 ரூபா என்றால் 15 ரூபா வீதம் 3,000 கிலோவுக்கு 45,000 ரூபா. அதோடு முற்பணமும் திரும்ப வேண்டும். ஆலை நின்றதால் இழந்த இலாபத்தைக் கேட்க வேண்டுமானால், அந்த விளைவை ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பும் எதிர்பார்த்திருந்தமை காட்டப்பட வேண்டும். 1854 இன் ஹட்லி எதிர் பக்சென்டேல் வழக்கை இவ்விடத்தில் குறிப்பிடலாம்.

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தை மாணவர்கள் மறந்தே போகிறார்கள். எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகள், எழுதாத ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுகள், விற்று ஒப்படைத்த பொருளின் விலைக்கும் கடைக் கணக்குக்கும் ஓராண்டு மட்டுமே. கடன் கொப்பியில் இரண்டு வருடமாகக் கிடக்கும் பாக்கிக்கு, கடன்பட்டவர் இடையில் கையொப்பமிட்டு ஒத்துக்கொண்ட எழுத்து இருந்தால் அன்றிலிருந்து காலம் புதிதாக ஓடும்.

சட்டங்களின் மூலப் பாடத்தை நீதி அமைச்சின் லோநெற் இணையத்தளத்தில் பார்க்கலாம். குறிப்புப் புத்தகங்கள் பத்து வாசிப்பதைவிட, விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் பிரிவுகளை ஒரு தடவை நேரே வாசிப்பது மேல் என்றே நான் சொல்வேன்.

பின்சேர்க்கை

இதன் முதல் வடிவத்தை வாசித்த மாணவர்கள் இரண்டு சிக்கல்களைக் காட்டினார்கள்.

முதலாவது, குடியேற்றத் திட்டக் காணி. விசுவமடு, தர்மபுரம் போன்ற இடங்களில் பல காணிகள் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. பெர்மிட் காணியைச் சாதாரண உறுதிக் காணி போல விற்க முடியாது. அளிப்புப் பெற்ற காணியையும் உரிய அதிகாரியின் முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்றினால் அது செல்லாது. முத்திரைத் தாளில் எழுதி, சமாதான நீதவான் ஒப்பமிட்டிருந்தாலும் குறை தீராது. இத்தகைய வினாவில் ஐந்தாம் படிக்கு முன்பாகவே, ஒப்பந்தத்தின் நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, அண்ணனும் தம்பியும் காசு போட்டு வாங்கும் நெல் வெட்டும் மெசின். இலாபத்தைப் பகிரும் நோக்கில் சேர்ந்து தொழில் செய்தால் அது பங்குடைமை. மூலதனம் 1,000 ரூபாவைத் தாண்டினால் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18 ஆம் பிரிவின்படி எழுத்து தேவை. இன்றைய மெசின் விலையில் அந்த எல்லையைத் தாண்டாத பங்குடைமையே இராது. எழுத்து இல்லாவிட்டால், தங்களுக்குள் பங்குடைமை இருந்தது என்று சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் நிலைநாட்டுவது கடினம். ஆனால் டீசல் கடன் கொடுத்த வெளியாள் இருவரையும் பங்காளிகளாகக் காட்டி வழக்கிடுவதை அப்பிரிவு தடுப்பதில்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்ததால் தனிச் சட்ட ஆள் பிறந்துவிட்டது என்று எழுதுவதும் பிழை. அதற்குக் கம்பனியாகக் கூட்டிணைக்க வேண்டும். 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரே பங்குதாரருடனும் கம்பனி அமைக்கலாம்.