உப்புக்காற்றில் பழைய பைக்: வாங்குவதும் காப்பாற்றுவதும்

மதுரையில் பதினைந்து வருடம் ஓடிய ஸ்ப்ளெண்டரையும் ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான மண்டபத்தில் எட்டு வருடம் ஓடிய ஸ்ப்ளெண்டரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். மண்டபத்து வண்டியின் எஞ்சின் சத்தம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சென்டர் ஸ்டாண்டு ஆடும், சைலன்சரின் அடிவயிற்றில் ஓட்டை இருக்கும், பேட்டரித் தட்டு கைபட்டால் உதிரும். தொண்டி முதல் சாயல்குடி வரை இந்தக் கரையில் பழைய வண்டியைத் தின்பது கிலோமீட்டர் இல்லை, உப்பு. அதனால் எஞ்சின் வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டாலும் உப்பு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்திருக்கும் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். பகலில் காய்ந்து கிடந்த வண்டி இரவில் உப்புநீரில் நனைந்து நிற்கும், மழையே வேண்டியதில்லை. இன்னும் ஒன்று: மழை படுகிற மேல்பக்கம் அவ்வப்போது கழுவப்படுகிறது. மழை படாத மட்கார்டின் உள்பக்கம், சீட்டுக்கு அடியில், பேட்டரிப் பெட்டி, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் கீழ்ப்பக்கம் ஆகிய இடங்களில்தான் உப்பு சேர்ந்துகொண்டே போகும். துருவை அங்கே தேடுங்கள்.

கழுவும் தண்ணீர்

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவதுதான் இங்கே மிக மலிவான ரிப்பேர். ‘நல்ல தண்ணீர்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கரையோர ஊர்களில் பல போர்வெல்களில் உவர்நீர்தான். அந்த நீரில் வாட்டர் சர்வீஸ் செய்தால், கழுவுவதற்காகக் காசு கொடுத்து உப்பைப் பிரஷர் வைத்து ஏற்றியதாகத்தான் ஆகும். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடித் துண்டில் சில சொட்டு விட்டு வெயிலில் காய வையுங்கள். வெள்ளைப் படலம் தடிமனாக நின்றால் அந்தத் தண்ணீர் வண்டிக்கு வேண்டாம்.

குடிநீரைக் குடக்கணக்கில் வாங்கும் ஊரில் வண்டிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேட்பது நியாயம். அரைக்குடம் போதும். செடிக்கு மருந்தடிக்கும் 2 லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயரில் நிரப்பி, முதலில் அடிப்பாகம், மட்கார்டின் உள்பக்கம், ஸ்போக்ஸ், ரிம், செயின் பக்கம் என்று அடியுங்கள். டேங்கும் சைடு கவரும் கடைசியில், ஈரத்துணியால் துடைத்தாலே போதும். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டிலிருந்து வடியும் மழைநீரைப் பிடித்துவைத்தால் இன்னும் நல்லது. தனுஷ்கோடி, அரிச்சல்முனை போய்வந்தால் வாரக் கணக்குப் பார்க்காமல் அன்றே கழுவுங்கள்.

கழுவியபின் பத்து நிமிடம் ஓட்டிக் காயவிட்டு, பெயின்ட் போன இரும்புப் பாகங்களில் பிரஷால் மெல்லிய ஆயில் பூசலாம். கழிவு ஆயில் பூசுவது ஊர் வழக்கம். சேசிஸின் அடிப்பக்கத்துக்கு அது வேலை செய்யும். ஆனால் ரப்பர் புஷ், டயர், பிரேக் டிரம் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது.

பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கி மூடாதீர்கள். உள்ளே வியர்த்து, மூடாத வண்டியைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். கூரை உள்ள, காற்று நேராக அடிக்காத பக்கம் நிறுத்தினால் போதும். வாடைக் காலத்தில் வீட்டின் தெற்குப் பக்கம், கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்குப் பக்கம்.

வாங்குமுன்

ஒரு காந்தம், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், டார்ச். இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். காந்தத்தை டேங்கின் அடிப்பகுதியிலும் மட்கார்டிலும் ஓட்டுங்கள். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த இடத்தில் அது பிடிக்காது. ஸ்க்ரூ டிரைவரால் ஸ்விங் ஆர்ம் போல்ட் மாட்டும் இடம், சென்டர் ஸ்டாண்டு பிடிமானம், பேட்டரித் தட்டுக்குக் கீழே உள்ள சேசிஸ் ஆகியவற்றில் குத்திப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மந்தமாகக் கேட்டாலோ, முனை உள்ளே போனாலோ விலையைப் பற்றிப் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள். சைலன்சர், மட்கார்டு, ரிம் எல்லாம் மாற்றக்கூடியவை. சேசிஸ் அப்படி இல்லை.

பலர் கோட்டைவிடும் இடம் சேசிஸ் நம்பர். பதிவைப் புதுப்பிக்கும்போது அதைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். துரு தின்று நம்பர் படிக்க முடியாமல் போனால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. வாங்குமுன் நீங்களே ஒருமுறை தேய்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். வாங்கியபின் அந்த இடத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, கிரீஸ் தடவி மூடிவையுங்கள். அரம், கிரைண்டர், உப்புத்தாள் எதுவும் அங்கே வேண்டாம். எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வந்துவிடும்.

மீன்பெட்டி கட்டும் வண்டிகள்

டி.வி.எஸ். எக்ஸ்.எல். போன்ற வண்டிகளில் மீன் ஏற்றினால், பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் கேரியர், பின்ரிம், ஸ்போக்ஸ், செயின், பின்பிரேக் டிரம் என்று வரிசையாக இறங்கும். காற்றில் வரும் உப்பைவிட இது பல மடங்கு மோசம். பெட்டியின் அடியில் ஒரே ஓர் ஓட்டை வைத்து, அதில் அரை இஞ்ச் ஓஸைச் செருகி, சக்கரத்தைத் தாண்டி வெளிப்பக்கமாகத் தண்ணீரை இறக்குங்கள். பெட்டிக்கும் கேரியருக்கும் இடையே பழைய டியூப்பை வெட்டிப் போட்டால் பெயின்ட் உரியாது. மாதம் ஒருமுறை பின்சக்கர ஸ்போக்ஸ்களை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். தொளதொளவென்ற சத்தம் வந்தால் அது தளர்ந்தது அல்லது நிப்பிளில் அறுந்துகொண்டிருப்பது. ஒன்று போனால் பக்கத்தில் இருப்பவை சீக்கிரமே போகும்.

செயினுக்கு வெறும் கிரீஸ் பூசுவது இந்தக் கரையில் தப்பு. மணல் அதில் ஒட்டி, செயினும் ஸ்பிராக்கெட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் தேயும். மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்தபின் 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கமாகச் சொட்டுவிட்டு, அரைமணி கழித்து மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். நடுவில் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் சுமார் 25 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும்.

அசையாத ஸ்க்ரூ, பச்சை பூத்த ஒயர்

அலுமினியக் கேஸில் இரும்பு ஸ்க்ரூ, நடுவே உப்புநீர்: மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி மாதிரி. அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து ஸ்க்ரூவைக் கவ்விக்கொள்ளும். ஆர்.எக்ஸ். 100, ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளின் கேஸ் ஸ்க்ரூக்கள் ஜப்பானிய அளவுப் பிளஸ் தலை; சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் முழுதாக உட்காராது, தலையைத் தேய்த்துவிடும். துரு இளக்கும் ஸ்பிரேயை முந்தின இரவே அடித்துவையுங்கள். காலையில் சுத்தியால் தலையில் நாலு தட்டு, பிறகு சுத்தியால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர். திரும்ப மாட்டும்போது ஆலன் போல்ட் போடலாம், ஆனால் மரையில் காப்பர் கிரீஸ் இல்லாமல் வேண்டாம். ‘துருப்பிடிக்காது’ என்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டை வெறுமனே போட்டால், போல்ட் பளபளப்பாக இருக்கும், கேஸின் மரை போய்விடும். ஸ்பார்க் பிளக்கையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் ஹெட்டின் மரையோடு வெளியே வரும்.

லைட் மங்குவது, ஹாரன் விக்குவது, இண்டிகேட்டர் இஷ்டத்துக்கு எரிவது எல்லாவற்றுக்கும் முதலில் எர்த்தைப் பாருங்கள். சேசிஸில் எர்த் ஒயர் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றி, உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். ஒயர்களை இணைக்கும் கப்ளர்களைப் பிரித்துப் பச்சை பூத்த பின்களை கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து அதே வாசலின். இதற்கு ஆகும் செலவு நூற்றுச் சொச்சம். இதைப் பார்க்காமல் பேட்டரியை மாற்றினால் ஆயிரத்துக்கு மேல் வீண். நிறுத்திவைத்த நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். ஃபியூஸ் போனால் ஒயர்த் துண்டைச் சுற்றி ஓட்டுவது வண்டியை எரிக்கும் வேலை.

பழைய பாயின்ட் செட் (ஸ்பார்க்குக்காகக் கரண்டைத் தொட்டு விடும் கான்டாக்ட்) புல்லட் வைத்திருப்பவர்கள், பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன் பார்த்துவிடுங்கள்.

டேங்கும் பெட்ரோலும்

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். துரு அங்கேதான் தொடங்கும். பழைய வண்டிகளின் பெட்ரோல் ஓஸ், கார்புரேட்டர் கேஸ்கெட், நீடில் ரப்பர் எல்லாம் எத்தனாலுக்காகச் செய்தவை இல்லை. விரிசலோ உப்பலோ தெரிந்தால் மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

டேங்கின் உள்ளே துரு ஏறியிருந்தால்: டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, சோப்புத் தண்ணீரால் இரண்டுமுறை அலசுங்கள். குழாய் இருந்த ஓட்டையை ரப்பர் வைத்து அடையுங்கள். லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் வீதம் வெந்நீரில் கரைத்து முழுக்க நிரப்பி ஓர் இரவு விடுங்கள். வடித்தவுடனே, ஒரு கைப்பிடி சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, அடுத்து நல்ல தண்ணீர், அடுத்து வெயில். ஈரம் காய்ந்ததும் 100 மி.லி. 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். இந்தக் கடைசி வேலையைத் தாமதித்தால் சில மணி நேரத்திலேயே புதுத் துரு மஞ்சளாக ஏறிவிடும். ஓட்டை விழுந்த டேங்கைக் கழுவாமல் வெல்டிங் பட்டறைக்குக் கொடுக்காதீர்கள். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும்.

பிரேக், டயர், பாலம்

பழைய டிரம் பிரேக்கில், பிரேக் ஷூவை விரிக்கும் கேம் துருப்பிடித்து, அழுத்தினால் பிடிக்கும், விட்டால் திரும்பாது. கேமைக் கழற்றித் தேய்த்து, பட்டாணி அளவு கிரீஸ் மட்டும். டிரம் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். ஷூ தேய்ந்ததை மறைக்க, பிரேக் லீவரை ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அப்படிச் செய்தால் ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் குறி பொய் சொல்லும். புது ஷூவைக் கேட்டு வாங்குங்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கம் தயாரிப்பு வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். வெயிலில் நின்று வெடிப்பு விட்ட ரப்பரை, பட்டன் (தரையில் படும் மேடுகள்) தேயாமல் இருக்கிறதென்று ஓட்ட வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டத்துப் பஞ்சரில் பெரும்பங்கு சீமைக்கருவேல முள்ளுக்குத்தான். டியூப்பை ஒட்டிவிட்டு டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பார்க்காமல் மாட்டினால், உடைந்து நிற்கும் முனை மறுநாளே திரும்பக் குத்தும்.

பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று உங்களைவிட உங்கள் சுமையைத்தான் முதலில் பிடிக்கும். அகலமான அட்டைப்பெட்டி, தெர்மகோல், பறக்கும் தார்ப்பாய் வேண்டாம். பாலத்தில் ஏறுமுன்பே வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இறுக்காமல், இடது ஓரத்தை ஒட்டாமல் போங்கள். வேடிக்கை பார்க்க நிறுத்திய வண்டிகளும் நடப்பவர்களும் அந்த ஓரத்தில்தான் இருப்பார்கள். தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறிக் கிடந்தால் முன்பிரேக்கைத் தொடாமல், திருப்பாமல், நேராகக் கடந்துவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் ஆடுமாடு படுத்திருக்கும். ரிஃப்ளெக்டர் கறுத்த பழைய ஹெட்லைட்டில் அவை தெரியாது. பெரிய வாட் பல்பு போட்டால் ஒயர் உருகும். ரிஃப்ளெக்டரை மாற்றுங்கள்.

காகிதச் செலவு

பைக்கின் பதிவு 15 வருடம். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை படிவம் 25-ல் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 1000 ரூபாய். 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்ட் முதல் 2000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடும். பசுமை வரி தனி. மூன்றாம் நபர் காப்பீடு 2022-ல் நிர்ணயித்தபடி 75 முதல் 150 சி.சி. வரை வருடத்துக்கு 714 ரூபாய், 150 முதல் 350 சி.சி. வரை 1366 ரூபாய், வரி தனி. விற்பவர் விலை சொல்லும்போது இவற்றையும் ஒரு செயின் செட், இரண்டு டயர், ஒரு பேட்டரி விலையையும் கூட்டி வைத்துப் பேரம் பேசுங்கள். ஆர்.சி. முடிந்து பல வருடம் கிடந்த டி.என். 65 (ராமநாதபுரம் பதிவு) வண்டி சும்மா கொடுத்தாலும், சேர்ந்திருக்கும் அபராதத்தை முதலில் மாதக்கணக்கில் கூட்டிப் பாருங்கள்.