பழைய ஸ்டீரியோ ரேடியோகிராமை மீண்டும் பாட வைக்கும் முறை

பழம்பொருள் கடையிலிருந்தோ, காலி செய்யப்படும் ஒரு பெரிய வீட்டிலிருந்தோ வால்வு ரேடியோகிராம் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய் வால்வுகளால் இயங்கும், ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்த பெட்டி) ஒன்றை வாங்கி வருகிற எவருக்கும், அதை உடனே மின் இணைப்பில் செருகிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எழும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வதே சீரமைப்பின் முதல் வேலை. பல பத்தாண்டுகள் ஓடாமல் கிடந்த இத்தகைய பெட்டியில் வால்வுகளும் டிரான்ஸ்ஃபார்மர்களும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். கெட்டிருப்பவை காகிதக் கண்டென்சர்களும், உலர்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களும், இறுகிய கிரீஸும், காய்ந்த ரப்பரும்தான். இவற்றைக் கவனிக்காமல் 230 வோல்ட்டைக் கொடுத்தால், சில ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு கண்டென்சர், இன்று எந்தக் கடையிலும் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரை எரித்துவிட்டுப் போய்விடும்.

இங்கே நான் விளக்குவது 1958 முதல் 1960களின் இறுதி வரை வந்த வால்வு ஸ்டீரியோ பெட்டிகளைப் பற்றியது. நீளமான மரப்பெட்டி, மேலே தூக்கும் மூடி, ஒரு பக்கம் ரேடியோ, மறுபக்கம் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் தயாரான கேரார்டு ரெக்கார்டு சேஞ்சர் (இசைத்தட்டுகளைத் தானே மாற்றும் கருவி), இரு ஓரங்களிலும் துணி போர்த்திய ஒலிபெருக்கிகள் என்பது இவற்றின் பொது அமைப்பு. குருண்டிக், டெலிஃபுங்கன் போன்ற ஜெர்மன் பெட்டிகளுக்கும் இதே முறை பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தது 1958இல்தான். ஆகவே 1955ஆம் ஆண்டு ஸ்டீரியோ மாடல் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும், பின்பக்க அட்டையைக் கழற்றி, ஒலிபெருக்கிகளுக்கு ஒலியை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு இருக்கின்றனவா என்றும், கார்ட்ரிட்ஜிலிருந்து (ஊசியின் அசைவை மின்சிக்னலாக்கும் பகுதி) குறைந்தது மூன்று கம்பிகளாவது வருகின்றனவா என்றும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஒலிபெருக்கிகள் இருப்பது மட்டும் ஸ்டீரியோவுக்குச் சான்றாகாது. மோனோ பெட்டிகளிலும் இரண்டு மூன்று ஒலிபெருக்கிகள் உண்டு. பெட்டியின் அடிப்பலகையையும் கால்கள் சேரும் இடங்களையும் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் கரையானோ உளுவோ உள்ளே வேலையை முடித்துவிட்டது என்று பொருள். டயல் கண்ணாடி, சுழல்தட்டு, டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) ஆகியவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது.

அமெரிக்கப் பெட்டிகள் வெளித்தோற்றத்தில் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவை 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டவை. வோல்ட்டேஜை ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் குறைத்துத் தந்துவிடும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் 50 ஹெர்ட்ஸில் அந்த மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும் என்பதால், 33⅓ சுற்றில் ஓட வேண்டிய தட்டு 28 சுற்றுக்கும் குறைவாக ஓடி, பாடகியின் குரலைப் பாடகரின் குரலாக்கிவிடும். மோட்டார் தண்டில் 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கிடைத்தால் மட்டுமே அதை வாங்குங்கள்.

கொண்டுவரும்போது டோன் ஆர்மை அதன் தாங்கியோடு நூலால் கட்டிவிட வேண்டும். சேஞ்சர் சுருள்வில்களின் மேல் மிதப்பதால், அதை இறுக்கிப் பிடிக்கும் பயணத் திருகுகளை முடுக்கிவிட்டே வண்டியில் ஏற்ற வேண்டும்.

மின்சுற்று

வீட்டுக்கு வந்ததும் முதலில் வால்வுகளின் பெயர்களைப் படியுங்கள். ஈஎல்84, ஈசிசி83 என்று 'ஈ' எழுத்தில் தொடங்கினால், மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டியாக இருக்கும். யுஎல்84, யுசிஎல்82 என்று 'யு' எழுத்தில் தொடங்கினால், அந்த வால்வுகளின் இழைகள் வரிசையாக, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மெயின்ஸிலேயே இணைக்கப்பட்டவை. பிளக் எந்தப் பக்கம் செருகப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, சேஸிஸ் (பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டு) முழுவதுமே மெயின்ஸ் மின்சாரத்தைச் சுமந்து நிற்கும். பெட்டியை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவர்கள் இந்த இரண்டாம் வகையைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் வகையிலும் உள்ளே 250 முதல் 300 வோல்ட் வரை இருக்கும். அணைத்த பிறகும், மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் கை வைக்கும் முன் 5 வாட் தாங்கும் சில கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றால் அவற்றில் தேங்கிய மின்னூட்டத்தை இறக்கி, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் பழைய மெக்கானிக் வழக்கம் வேடிக்கையாக இருக்கும், ஆனால் கண்டென்சருக்கும் கண்ணுக்கும் நல்லதல்ல.

பின்புறத்தில் வோல்ட்டேஜ் செலக்டர் இருந்தால், அதை 220இல் வைக்காமல் 240இல் வையுங்கள். அன்றைய 220 வோல்ட்டுக்குக் கணக்கிட்ட சுற்றுக்கு இன்றைய மின்சாரம் அதிகம். விரிசல் விட்ட மெயின்ஸ் வயரை மாற்றுங்கள். மெயின்ஸ் கம்பிகளுக்கிடையே சிறு கண்டென்சர் இருந்தால், அதற்குப் பதிலாக எக்ஸ்2 தரச்சான்று உள்ளதைப் போடுங்கள். மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்குச் செல்வதாக இருந்தால் ஒய்2 வகை மட்டுமே கூடும்.

அடுத்தது கண்டென்சர்கள். முதலில் மாற்ற வேண்டியவை, முன்நிலை வால்விலிருந்து, ஒலிபெருக்கியை இயக்கும் ஈஎல்84 வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) ஒலியைக் கொண்டு செல்லும் கப்ளிங் கண்டென்சர்கள். ஒரு சேனலுக்கு ஒன்று இருக்கும். பழைய மெழுகுக் காகித வகையோ, உடல் முழுக்க வெடிப்பு விட்ட பிளாஸ்டிக் வகையோ எதுவானாலும், அளந்து பார்த்து நேரத்தை வீணாக்காமல் மாற்றிவிடுங்கள். அதிலிருந்து சிறிதளவு கசிந்தாலும் கிரிட்டுக்கு நேர்மின் அழுத்தம் ஏறி, வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுக்கும். ஆனோடு தகடு சிவக்கும். அதன் பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகும். அதே மதிப்புள்ள, பெரும்பாலும் 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரடு, 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சர் சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும்.

ஃபில்டர் கண்டென்சர் பொதுவாக ஓர் அலுமினியக் குப்பியில் 50+50 மைக்ரோஃபாரடு என்று இருக்கும். குப்பியைச் சேஸிஸின் மேல் அப்படியே நிற்கவிட்டு, அதன் இணைப்புகளை மட்டும் பிரித்து, கீழே 47 மைக்ரோஃபாரடு, 450 வோல்ட் கண்டென்சர்கள் இரண்டைப் பொருத்தினால் தோற்றம் கெடாது. பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையும் என்று 100, 220 என ஏற்றுபவர்கள் உண்டு. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ஈஇசட்81 போன்ற ரெக்டிஃபயர் வால்வு தாங்கும் எல்லை முதல் கண்டென்சருக்கு 50 மைக்ரோஃபாரடுதான். அதை மீறினால் வால்வுக்குள் பொறி பறக்கும். ஜெர்மன் பெட்டிகளில் வால்வுக்குப் பதிலாக செலினியம் ரெக்டிஃபயர் இருக்கும். அது எரிந்தால் வரும் புகை நச்சு. ஆகவே அதைக் கழற்றி நான்கு சிலிக்கன் டையோடுகளால் பிரிட்ஜ் அமைத்து, கூடுதலாக எழும் வோல்ட்டேஜைக் குறைக்க 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேருங்கள். அதன் மதிப்பை, உயர் மின்னழுத்தம் சர்க்யூட் படத்தில் உள்ள அளவுக்கு வரும்வரை அளந்து தீர்மானிக்க வேண்டும்.

ரேடியோப் பகுதியில் சதுர அலுமினிய மூடிகளுக்குள் இருக்கும் ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) காயில்களைத் திருகவே கூடாது. சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது ஆகாத காரியம். வால்யூம், டோன் கன்ட்ரோல்களுக்குக் காண்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து இருபுறமும் பலமுறை சுழற்றினால் கரகரப்பு போகும். டயல் கண்ணாடியின் உட்புற எழுத்துகளில் மட்டும் எந்தத் திரவமும் படக்கூடாது. ஈரத்துணியே போதும், எழுத்து உரிந்து வந்துவிடும்.

இப்போது மின்சாரம். அதுவும் நேராக அல்ல, 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்த சீரிஸ் லாம்ப் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. ஒலிபெருக்கிகள் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் சுமையில்லாமல் ஓடும் வால்வு ஆம்ப்ளிஃபயர் தன் டிரான்ஸ்ஃபார்மரைத் தானே கெடுத்துக்கொள்ளும். முதலில் எல்லா வால்வுகளையும் எடுத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால் பல்பு மிக மங்கலாகவே எரிய வேண்டும். முழு வெளிச்சம் தந்தால் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரில் ஷார்ட் இருக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள். வால்வுகளைத் திரும்பப் பொருத்தி மின்சாரம் கொடுக்கும்போது பல்பு சில நொடிகள் பளிச்சிட்டு மங்கினால் நல்ல அறிகுறி. அதன் பிறகு சீரிஸ் லாம்ப்பை நீக்கி, ஈஎல்84இன் இரண்டாம் பின்னை (கிரிட்) அளந்தால் பூஜ்யமும், மூன்றாம் பின்னை (கேத்தோடு) அளந்தால் 7 வோல்ட்டுக்கு அருகிலும் வர வேண்டும். மூன்றாம் பின்னின் வோல்ட்டை அங்கே சேஸிஸுக்குச் செல்லும் ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்தால் வால்வின் மின்னோட்டம் தெரியும். 7 வோல்ட், 135 ஓம் என்றால் ஏறத்தாழ 52 மில்லி ஆம்பியர். அது இயல்பான அளவு. இரண்டு சேனல்களும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டிவிட்டால், கடினமான பகுதி முடிந்தது.

சேஞ்சர்

பாதி ரேடியோகிராம்கள் மூலையில் முடங்கியதற்குக் காரணம் வால்வு அல்ல, சேஞ்சரின் கிரீஸ். தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் காலப்போக்கில் மெழுகாகி, பின் பசையாகி, கேம் சக்கரத்தையும் நெம்புகோல்களையும் ஒட்டிவிடும். அவற்றை பலவந்தமாகத் திருப்பினால், பொருள் கிடைக்காத வார்ப்புத் துண்டுகள் உடையும். சுழல்தட்டைத் தூக்கி, சேஞ்சரைத் தலைகீழாக ஒரு சட்டத்தில் நிறுத்தி, ஒவ்வொரு அசையும் பாகத்தையும் படமெடுத்தபின் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, உராயும் பரப்புகளில் மட்டும் லித்தியம் கிரீஸை மெல்லத் தடவ வேண்டும். தட்டின் முடிவை உணர்ந்து ஆர்மைத் திருப்பி அனுப்பும் மெல்லிய ட்ரிப் நெம்புகோல்கள் மட்டும் எண்ணெயே படாமல் உலர்ந்திருக்க வேண்டும். அங்கே விழும் ஒரு சொட்டு, தட்டு முடிந்தும் ஊசியை உள்வட்டத்திலேயே சுற்றவிடும்.

மோட்டாரின் இரு பேரிங்குகளுக்கும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டுகள் போதும். தேங்காய் எண்ணெய் விட்ட மோட்டார்கள் நம் ஊரில் ஏராளம். அது இறுகிக் கோந்தாகிவிடும், கழற்றிக் கழுவுவதைத் தவிர வழியில்லை. மோட்டார் தண்டுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ஓடும் ரப்பர் ஐட்லர் சக்கரத்தில் எண்ணெயின் சுவடே இருக்கக்கூடாது. அதன் விளிம்பு பளபளவென்று இறுகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் சுழற்றித் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். நகத்தால் அழுத்தினால் சற்றும் பள்ளம் விழாத ரப்பருக்கு மறுவாழ்வு இல்லை; புதிய ரப்பர் ஒட்டித் தருபவர்களிடம்தான் போக வேண்டும்.

வேகத்தைக் காதால் முடிவு செய்ய வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கின் கீழ், 33⅓ சுற்றுக்கு 180 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோபோஸ்கோப் வட்டை வைத்துப் பார்த்தால், சரியான வேகத்தில் கோடுகள் நின்றுவிட்டதுபோல் தெரியும். 216 கோடுகள் உள்ள வட்டு 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது.

கார்ட்ரிட்ஜ் விஷயத்தில் ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது ரோஷெல் உப்பு; கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அது கரைந்து செத்துப்போயிருக்கும். செராமிக் வகைக்கு இந்தக் குறை இல்லை என்பதால், அதே பொருத்து அளவுள்ள ஸ்டீரியோ செராமிக் கார்ட்ரிட்ஜை வாங்குங்கள். காந்த வகையைப் போட்டால் அதன் சில மில்லிவோல்ட் சிக்னல் இந்த ஆம்ப்ளிஃபயருக்குப் போதாது. இந்தக் கனமான ஆர்மும் அதற்கு ஒவ்வாது. ஊசியின் அழுத்தம் 4 முதல் 6 கிராமுக்குள் இருக்கும்படி ஆர்மின் சுருள்வில்லைச் சரிசெய்து, சிறு டிஜிட்டல் தராசில் பாருங்கள். 78 சுற்றுத் தட்டுகளுக்குப் பள்ளம் அகலம், ஆகவே தனி ஊசி வேண்டும். எல்பி ஊசியை அதில் ஓட்டினால் பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலைத்தான் தரும். அரிய எல்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தானே விழவிடும் வசதியை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது கேரார்டின் எவ்வளவு அழகான சாகசமாக இருந்தாலும்.

பெட்டி

மெருகு வேலையைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், சேஸிஸை ஏற்றி இறக்கும்போது புதுப் பூச்சில் கீறல் விழும் என்பதுதான். முதலில் மறைவான இடத்தில் பஞ்சால் ஸ்பிரிட் தடவிப் பாருங்கள். இளகினால் அரக்குப் பூச்சு. தின்னருக்கு மட்டும் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் ஜெர்மன் பெட்டிகளில் காணும் கண்ணாடி போன்ற பாலியெஸ்டர், அதை மெருகேற்றலாமே தவிரப் புதுப்பிப்பது வீட்டு வேலையல்ல. தூக்கிக்கொண்ட வெனீரின் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) அடியில் பழைய வஜ்ஜிரப் பசை இருந்தால், ஈரத்துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, கனமான பலகையை வைத்து இரவு முழுவதும் விட்டால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத இடத்தில் மரப்பசையைச் சிரிஞ்சால் செலுத்தலாம். மின்சார உப்புத்தாள் மெஷினைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். வெனீர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்.

ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் கிழிசல் இருந்தால், நீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்த டிஷ்யூத் துண்டை இருபுறமும் ஒட்டினால் போதும்.

எல்லாம் பொருந்தியபின் ரேடியோவைப் போடும்போது ஒன்றை எதிர்பார்த்திருங்கள்: அன்றைய ஜெர்மன் பெட்டிகள் பலவற்றின் எஃப்எம் அலைவரிசை 100 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். சென்னையில் 93.5, 98.3 நிலையங்கள் கேட்கும், வானொலியின் 101.4 ரெயின்போ கேட்காது. இதற்காக டியூனரை மாற்றிப் புளூடூத் பலகையைப் பொருத்துவதை விட, கைப்பேசியை டேப் உள்ளீட்டில், இரு சேனல்களுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வழியாக இணைப்பது மேல். பெட்டியில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பின்பக்கத்தின் காற்றுத் துளைகள் அடைபடாதபடி நிறுத்துங்கள். ஈரச் சுவராக இருந்தால் வேறு சுவரைத் தேடுங்கள். முதல் வாரம் ஆளில்லாத அறையில் ஓடவிட்டு வெளியே போகாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குப் பின் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் சூட்டைப் பாருங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரின் மின்னூட்டத்தை இறக்கியபின் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் கை வைத்தால், சில நொடிகளாவது தாங்கக்கூடிய சூடாகவே இருக்க வேண்டும்.