பூஸ்ட் ஏற்றிய டிரக் எஞ்சினுக்குக் கேம்ஷாஃப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரக்கில் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜரோ (கிராங்கால் சுழல்வது) டர்போவோ (புகையால் சுழல்வது) ஏறியதும் அடுத்த ஆசை, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் மேல்தான் வரும். அப்படி அமுக்கிய காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட். நிறையப் பேர் சறுக்குவதும் அங்கேதான். நின்ற இடத்தில் வண்டி குலுங்கிக் குலுங்கி உறுமும் சத்தம் பிடித்துப்போய், பூஸ்ட் இல்லாத எஞ்சினுக்கென்று செய்த பெரிய கேமை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அந்தச் சத்தத்தைத் தருவது எதுவோ, அதுதான் பூஸ்ட் எஞ்சினுக்கு ஆகாது. (இங்கே பேசுவது பெட்ரோல் எஞ்சின்களைப் பற்றி மட்டும்.)

அதன் பெயர் ஓவர்லாப். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரம். எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் முழுதாக மூடவில்லை, அதற்குள் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிவிட்டது. சில டிகிரிகளுக்கு இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. காற்றைத் தானே உறிஞ்சும் எஞ்சினில் இது நல்லதுதான். வெளியே பாயும் புகை, போகிற வேகத்தில் புதுக் காற்றையும் உள்ளே இழுத்துவிடும்.

சூப்பர்சார்ஜர் இருந்தால் அந்த இழுப்பு தேவையே இல்லை. இன்டேக் பக்கம் ஏற்கெனவே அழுத்தம் இருக்கிறது. அமுக்கிய காற்று சிலிண்டரில் நிற்காமல் எக்ஸாஸ்ட் வழியே ஓடிவிடும். அதை அமுக்கக் கிராங்கிலிருந்து எடுத்த சக்தியும் அதோடு போச்சு. போதாததற்கு, எரியாமல் வெளியேறிய ஆக்சிஜனைப் பார்த்து எக்ஸாஸ்டில் உள்ள சென்சார் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று காட்டும். அதை நம்பி டியூன் செய்தால் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

டர்போவில் பெரும்பாலும் இது தலைகீழ். டர்பைனுக்கு முன்னால் தேங்கும் புகையின் அழுத்தம் பல நேரம் பூஸ்டையே தாண்டிவிடும். சின்ன டர்பைன் என்றால் இன்னும் எளிதாகத் தாண்டும். இரண்டு வால்வும் திறந்திருக்கும் அந்த நொடியில் எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பும். உள்ளே சூடு ஏறும், நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது) வரும். அதனால் ‘பூஸ்ட் கேம்’ என்று ஒரே பெயரில் இருப்பதை எடுத்து இரண்டுக்கும் போடக் கூடாது. சூப்பர்சார்ஜருக்கு எக்ஸாஸ்ட் டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் காலம், கிராங்க் சுழலும் டிகிரியில்) இன்டேக்கைவிட 8 முதல் 12 டிகிரி கூடுதலாக இருப்பது வழக்கம். புகை அழுத்தம் அதிகமுள்ள டர்போவுக்கு இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதே என் தேர்வு. டர்பைன் தாராளமாக இருந்தால் இதைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

ஓவர்லாப்பை நீங்களே கணக்குப் போடலாம். கேமோடு வரும் அட்டையில் இன்டேக் 230, எக்ஸாஸ்ட் 238, லோப் செப்பரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் கேம் முனைகளின் உச்சிகளுக்கு இடையிலான கோணம்) 110 என்று இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு டியூரேஷனையும் கூட்டி நான்கால் வகுத்தால் 117. அதில் 110 போனால் 7. அதன் இரு மடங்கு, 14 டிகிரி ஓவர்லாப். அதே கணக்கை 218, 226, 114 உள்ள கேமுக்குப் போட்டால் மைனஸ் 6 வருகிறது, அதாவது இந்த அளவில் ஓவர்லாப்பே இல்லை. பாரம் இழுக்கும் டிரக்குக்கு இரண்டாவதுதான் சரி. பூஸ்ட் எஞ்சின்களில் லோப் செப்பரேஷன் பொதுவாக 112 முதல் 116 வரை இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: இந்த டியூரேஷன் எல்லாம் 0.050 அங்குல லிஃப்டில் (கேம் தூக்கும் உயரம்) அளந்தது. விளம்பரத்தில் போடும் டியூரேஷன் இன்னும் சின்ன லிஃப்டில் அளந்தது, எண் பெரிதாகத் தெரியும். ஒரு கேமின் இந்த அளவை இன்னொன்றின் அந்த அளவோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

டியூரேஷன் கூடக் கூட இன்டேக் வால்வு மூடுவதும் தள்ளிப்போகும். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருந்தால், குறைந்த ஆர்பிஎம்மில் காற்று வந்த வழியே திரும்பும், இழுவை செத்துவிடும். டர்போ விழிப்பதும் தாமதமாகும். டிரெய்லர் இழுக்கும் டிரக் நாள் முழுக்க 1500 முதல் 3500 ஆர்பிஎம்முக்குள் வேலை செய்கிறது. 6500-இல் வரும் குதிரைசக்தியைப் பார்த்துக் கேம் வாங்கி என்ன பயன்?

அடுத்தது ஸ்பிரிங். பூஸ்ட் இன்டேக் வால்வின் முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது. 50 மில்லிமீட்டர் வால்வின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1 பார் பூஸ்டில் கிட்டத்தட்ட 20 கிலோ பாரம் அதைத் திறக்கப் பார்க்கிறது. வால்வை மூடிவைக்கும் ஸ்பிரிங் பலத்தில் அத்தனையும் கழிந்துவிடும். புதுக் கேமைப் போட்டுப் பழைய ஸ்பிரிங்கையே விட்டால் வால்வு இருக்கையில் ஒழுங்காக உட்காராமல் துள்ளும்.

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை ஊகத்தில் விடாதீர்கள். பிஸ்டன் தலையில் வால்வுப் பள்ளத்தில் களிமண் அப்பி, ஹெட்டைப் பூட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் வால்வின் அச்சு பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளக்க வேண்டும். இன்டேக் பக்கம் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டராவது இருக்கட்டும். வால்வு டைமிங்கை மாற்றும் பேசர் உள்ள எஞ்சினில் அது நகரும் தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜிஎம் 5.3 லிட்டர் வி8 போல, பாதி சிலிண்டர்களை ஓய்வுக்கு அனுப்பும் வசதி உள்ள எஞ்சினில் சாதாரணக் கேமை அப்படியே மாட்ட முடியாது. அந்த வசதியையே, லிஃப்டர்களோடு (கேமின் அசைவை வால்வு பக்கம் கடத்தும் உருளைகள்) சேர்த்து, நீக்க வேண்டியிருக்கும்.

சூப்பர்சார்ஜர் வண்டியில் கேம் மாற்றிய பிறகு சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் அதே புல்லியில் பூஸ்ட் 9 பிஎஸ்ஐயிலிருந்து 7-க்கு இறங்கினால் பதறிப்போய், பூஸ்டைக் கூட்டச் சின்னப் புல்லி வாங்க ஓடாதீர்கள். எஞ்சின் நன்றாக மூச்சுவிட்டாலும் கேஜ் இறங்கும், ஓவர்லாப்பில் காற்று ஒழுகினாலும் இறங்கும். எது என்பதை டைனோவில் (பவரை அளக்கும் கருவி) பவர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கடைசியாக பிரேக். ஓவர்லாப் அதிகமானால் ஐட்லிங்கில் இன்டேக்கில் இருக்கும் வேக்குவம் (உறிஞ்சும் அழுத்தம்) விழும். பல வண்டிகளில் பிரேக் பெடலை அழுத்த உதவும் பிரேக் பூஸ்டர் அந்த வேக்குவத்தை நம்பித்தான் இருக்கிறது. பின்னால் சில டன் பாரம் தொங்கும் வண்டியில் பெடல் கட்டையாக இறுகினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கேம் மாற்றியதும், ரோட்டில் இறக்குவதற்கு முன், பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் ஒரு வேக்குவம் கேஜை மாட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் தனி வேக்குவம் பம்ப் போட்ட பிறகே பாரம் ஏற்றுங்கள்.